ஒரு வீட்டில் அறுபத்தொரு நோயாளிகள்

அத்தியாயம் 4

மூன்று அத்தியாயம் ஓடிவிட்டது. இதுவரை நான் கண்டுபிடித்தது, சுகாதார அலுவலகத்தின் லிஃப்ட் வேலை செய்யாது என்பது மட்டும்தான். அதையும் என் உதவியாளர் நளினிதான் முதலில் சொன்னாள். நான் நம்பாமல் பத்து நிமிடம் பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றேன்.

வழக்கு என்னவென்று மறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எனக்கும் உதவியாக இருக்கும். நகரத்தின் வார்டு சுகாதார நிலையம் ஒன்றில் புஷ்பா என்று ஒரு நர்ஸ். பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுப்பது அவள் வேலை. அவள்மேல் ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. 'புஷ்பாவின் ரிஜிஸ்டரில் அறுபத்தொரு நோயாளிகளுக்கு ஒரே முகவரி. குட்வில் எஸ்டேட்டில் ஒச்சம்மா என்பவரின் ஒற்றை அறை வீடு. அத்தனை பேர் அங்கே எப்படி இருக்க முடியும்? உடனே விசாரிக்கவும்.' தேதி பத்து. கையெழுத்து கிடையாது.

இந்த மாதிரி புகார் வந்தால் துறைக்கு வெளியே உள்ள ஒருவர்தான் விசாரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். துறைக்கு வெளியே இருக்க வேண்டும், கையில் வேலை இருக்கக் கூடாது, கூப்பிட்டவுடன் ஓடி வர வேண்டும். போர்ட் பிளேர் முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு பெயர்தான் கிடைத்திருக்கிறது. துப்பறியும் நிபுணர் சிவப்பிரகாசம், ஃபீனிக்ஸ் பே, ஜெராக்ஸ் கடை மாடி. அடியேன்தான்.

"மணி பத்தரை, மிஸ்டர் சிவப்பிரகாசம்" என்றார் டாக்டர் வசந்தகுமாரி. நகர சுகாதார அதிகாரி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளைப் பாதியாக்கிவிடுவார். "மூணு மணிக்கு வருஷத் திட்டக் கூட்டம். எந்த வார்டுக்கு எத்தனை மாத்திரை, எத்தனை நர்ஸ், வாரத்துல எத்தனை நாள் கிளினிக், எல்லாம் இன்னிக்கே முடிவாகிடும். இந்த அறுபத்தொண்ணும் பொய்ப் பேருன்னா புஷ்பா சஸ்பெண்ட். வார்டுக்கு மாத்திரையும் அந்த அளவுக்கு வெட்டிடுவோம். நிஜம்னா எனக்கு ஆளைக் காட்டுங்க."

"மூணு மணிக்குள்ள முடிச்சிடறேன் மேடம்."

"நாலு நாளா இதையேதான் சொல்றீங்க" என்றபடி, பதினோராம் தேதி புஷ்பாவிடமிருந்து பறிமுதல் செய்த ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

படியிறங்கி வந்ததும் நளினி ஸ்கூட்டர் சீட்டின்மேல் ரிஜிஸ்டரை விரித்தாள். அந்த முகவரி உள்ள பெயர்களை விரல் வைத்து எண்ணினாள். சரியாக அறுபத்தொன்று. கடைசிப் பெயர் பழனிசாமி, இந்த மாதம் ஒன்பதாம் தேதி.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? மாசக் கணக்குல ஈ, காக்கா இல்ல. திடீர்னு ஒரே நாள்ல ஒன்பது பேர். மறுபடி ரெண்டு வாரம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரே நாள்ல ஏழு பேர். இவங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டா பிரஷரை ஏத்திக்கிறாங்க?"

நான் தாடையைத் தடவினேன். துப்பறிகிறவன் தாடையைத் தடவினால் எதிரில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நளினிக்கு அது தெரியாது.

"சிம்பிள் நளினி. ஒரே மூச்சில் உட்கார்ந்து பொய்ப் பெயர்களை எழுதியிருக்கிறாள். கை வலித்ததும் நிறுத்தியிருக்கிறாள். கை சரியானதும் மறுபடி எழுதியிருக்கிறாள்."

"இதைத்தான் மேடத்துகிட்ட சொல்லப் போறீங்களா?"

"ஏன்?"

"இல்ல, நான் வெளியிலேயே நிக்கலாமான்னு யோசிக்கிறேன்."

குட்வில் எஸ்டேட்டுக்கு மாறுவேடத்தில் போனோம். வெள்ளைத் தொப்பி, கையில் டார்ச், கழுத்தில் அட்டை. கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர்கள். கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் உள்ள கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறவர். அவர்தான் ஒச்சம்மா.

"வணக்கம்மா. தண்ணித் தொட்டியில புழு இருக்கான்னு..."

"நீங்க ஆடு தேடுற சார்தானே?" என்றார் ஒச்சம்மா. "பின் தெரு ஆடு காணாமப் போனப்ப மூணு நாள் அலைஞ்சீங்களே. அது தானா வீட்டுக்கு வந்துருச்சே!"

இந்த ஊரில் மாறுவேடம் போட்டால் போட்டவனைத் தவிர வேறு யாரும் ஏமாற மாட்டார்கள். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

"உள்ளாற வாங்க. சாயா போடவா?"

ஒற்றை அறைதான். ஆனால் சுவரோரமாகச் சுருட்டி வைத்த பாய்கள் பரண் வரைக்கும் உயர்ந்திருந்தன. ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய டூத் பிரஷ். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் தேதிகள், சிலதைச் சுற்றி வட்டம், சிலதன்மேல் பெருக்கல் குறி.

"நளினி," என்று கிசுகிசுத்தேன், "ரகசியக் குறியீடு!"

"சார், அது கப்பல் டைம்டேபிள்."

"அப்படியா?"

"இந்தத் தீவுல எல்லார் வீட்டுக் கதவுலயும் அது இருக்கும். மெயின்லேண்ட்ல இருந்து வந்து பதினஞ்சு வருஷமாச்சு, உங்களுக்கு இன்னும் தெரியலயா?"

தெரியாது. எனக்குக் கப்பலைப் படத்தில் பார்த்தாலே குமட்டும்.

மூலையில் ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு மாத்திரைப் பட்டை. "நான்தான் பழனிசாமிங்க" என்றார். "கச்சால் தீவுல இருந்து வந்தேன். ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சவன். கண்ணு காட்ட வந்தேனுங்க. ஊருக்குப் போற ஜகாஸ், அதான் கப்பல், எட்டாந்தேதி. கடல் சரியில்லன்னு கேன்சல் பண்ணிட்டாங்க. இப்ப பதினெட்டாந்தேதின்னு சொல்றாங்க."

பொய்ப் பெயராக இருக்க வேண்டிய ஆள் என் முன்னால் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். என் வழக்கு அந்த நிமிடமே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"உங்களுக்குச் சொந்தக்காரரா?" என்று ஒச்சம்மாவைக் கேட்டேன்.

"ஜகாஸ்ல வந்துட்டா சொந்தம்தான். எங்க அப்பா, ஆத்தா எல்லாம் சிலோன் தோட்டத்துல இருந்து வந்தவங்க. கவர்மெண்டுலதான் கச்சால்ல கொண்டாந்து வச்சாங்க. அங்கதான் நான் வளர்ந்தேன். இப்ப நான் ஒருத்தி இங்க இருக்கேன்ல? சர்ட்டிபிகேட் வாங்கணும், கோர்ட்டுக்குப் போகணும், கண்ணு பாக்கணும்னு வர்றவங்க எங்க போவாங்க? திரும்பிப் போற ஜகாஸ் வர்ற வரைக்கும் இங்கதான் படுப்பாங்க."

"சரிம்மா. ஆனா மாத்திரை அவங்க ஊரிலேயே கிடைக்குமே?"

"கிடைக்கும். நாலு நாள் வேலைன்னா ஆறு நாளைக்கு மாத்திரை கொண்டாருவாங்க. கடல் பிடிச்சு வச்சுக்கிட்டா பதினஞ்சு நாள் ஆகுது. மாத்திரை தீந்துடுது." ஒச்சம்மா பழனிசாமியைப் பார்த்தார்.

பழனிசாமிதான் சொன்னார். "போன வருஷம் என் சம்சாரத்தையும் கூட்டியாந்தேன். பிரஷர் மாத்திரை தீந்து அஞ்சு நாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொன்னேன். சும்மா தலவலிதான், நாளைக்கு ஜகாஸ் வந்துரும்னு சொன்னா. இந்தா, இந்தப் பாய்லதான் விழுந்தா. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஊருக்கு அவளைத் தூக்கிட்டுத்தான் போனேன். இப்ப பேச்சு வரல."

நான் தாடையைத் தடவினேன், ஆனால் இந்தத் தடவை யோசிப்பதற்காக இல்லை.

"அதுக்கப்புறம்தான் புஷ்பா சிஸ்டர் எங்காளுங்க பேரை எழுத ஆரம்பிச்சுச்சு" என்றார் ஒச்சம்மா. "கம்ப்யூட்டர்ல வார்டு அட்ரஸ் போடலைன்னா மாத்திரை தராதாம். எங்க வீட்டு அட்ரஸப் போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். இங்கதானே படுக்கிறாங்க? பொய்யா அது?"

நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் ஒருவரைக் காட்டிவிட்டு அறுபத்தொரு பேரையும் நம்பச் சொன்னால் டாக்டர் வசந்தகுமாரி என்னை ஜன்னல் வழியாகத்தான் அனுப்புவார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து வட்டமிட்ட தேதிகளோடு ஒப்பிட்டேன். கப்பல் வந்த நாளில் நோயாளிகள் வந்திருக்க வேண்டும் இல்லையா? ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"பார்த்தாயா? மாட்டிக்கொண்டார்கள்!" என்றேன். ஒரு துப்பு தோற்றுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட துப்பறிவாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"வட்டத்தை விடுங்க சார். பெருக்கல் குறியைப் பாருங்க."

"அது என்ன?"

"கேன்சல் ஆன கப்பல். எட்டாந்தேதி கேன்சல், ஒன்பதாந்தேதி ரிஜிஸ்டர்ல ஏழு பேர். போன மாசம் இருபத்தொண்ணு கேன்சல், இருபத்திரெண்டுல ஒன்பது பேர். அதுக்கு முந்தின மாசம் கடல் நல்லா இருந்துச்சு. ஒரு கப்பலும் கேன்சல் ஆகல. ரிஜிஸ்டர்ல ஒருத்தரும் இல்ல." நளினியின் விரல் பக்கம் பக்கமாக இறங்கியது. "கப்பல் வந்த அன்னிக்கு யாரும் மாத்திரை கேட்டு வரல சார். வராம நின்னுபோச்சுன்னா, அதுக்கு மறுநாள்தான் வந்திருக்காங்க. பொய்ப் பேர் எழுதுறவ கடல் எப்ப கொந்தளிக்கும்னு பாத்துக்கிட்டா எழுதுவா?"

வருடம் முழுக்கப் பார்த்தோம். ஒரு குறிகூடத் தவறவில்லை. திரும்புகிற வழியில் ஜெட்டி அலுவலகத்தில் இந்த வருட அறிவிப்புக் கோப்பையும் பார்த்தோம். ஒச்சம்மாவின் பெருக்கல் குறிகள் எல்லாம் சரி.

"கேஸ் க்ளோஸ்" என்றேன் கம்பீரமாக.

"உங்களால இல்ல" என்றாள் நளினி.

மணி ஒன்றரை. கூட்டத்துக்கு முன்னால் புஷ்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சுகாதார நிலையத்துக்குப் போனோம். புஷ்பாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத முகம். கப்பல் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக்கறேன்" என்று கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தேன். ஒச்சம்மா முகவரியில் அறுபது பேர்.

"இது என்ன, ஒண்ணு குறையுது?"

"பழனிசாமி ஐயா சார். ஒன்பதாந்தேதி காலைல ஆறு பேர் வந்தாங்க, கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். மத்தியானம் நெட் போயிருச்சு. அவர் சாயந்தரம்தான் வந்தார். ரிஜிஸ்டர்ல மட்டும் எழுதி பீரோவுல பூட்டிட்டேன். மறுநாள் போட்டா பழைய தேதியை அது ஏத்துக்காது."

"பீரோ சாவி?"

"என்கிட்டதான் சார். பதினொண்ணாந்தேதி மேடம் வந்து ரிஜிஸ்டரை எடுத்துட்டுப் போற வரைக்கும் யாரும் தொடல."

அப்போது என் தலைக்குள் ஏதோ அசைந்தது. முதலில் பசி என்று நினைத்தேன். இல்லை. வேறு ஏதோ. நாற்பத்தாறு வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

மொட்டைக் கடுதாசியின் தேதி பத்து. அதில் எழுதியிருந்த எண்ணிக்கை அறுபத்தொன்று. கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதியிருந்தால் அறுபது என்றுதான் எழுதியிருப்பார்கள். அறுபத்தொன்று என்பது பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. பத்தாம் தேதி அந்த எண்ணிக்கை தெரிந்த ஒரே ஆள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர்," என்றேன், "உங்கமேல புகார் எழுதினது நீங்கதான்."

நளினியின் வாய் திறந்தது. புஷ்பா மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், இதை நீங்களாவா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் நளினி. "உடம்பு ஒண்ணும் பண்ணலையே?"

புஷ்பா மேஜை டிராயரிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வைத்தாள். "திட்டப் படிவத்துல 'வெளியிலிருந்து வந்து தங்குவோர்'னு ஒரு கட்டம் இருக்கு சார். வருஷா வருஷம் அதுல ஒரு கோடு போட்டு விட்டுடறாங்க. கப்பலுக்குக் காத்திருக்கறவங்களை அதுல சேருங்க, மாத்திரை ஒதுக்குங்கன்னு மூணு தடவை எழுதிட்டேன். மூணு தடவையும் ஒரே பதில். விசாரணை அறிக்கை இணைக்கப்படவில்லை."

"விசாரணை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். புகார் இருந்தாத்தான் விசாரணை வைக்க முடியுமாம்." கடிதங்களைத் தள்ளி வைத்தாள். "எவ்வளவு நாள் என் வார்டு மாத்திரையிலேர்ந்தே இழுத்துக் கொடுக்கிறது? பழனிசாமி ஐயாவோட சம்சாரத்தைப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன் சார், அந்தப் பாய்லயே. அவங்க என்கிட்ட மாத்திரை கேட்டு வந்தப்ப அட்ரஸ் இல்லன்னு திருப்பி அனுப்பினது நான்தான்."

வெளியே யாரோ டோக்கன் கேட்டார்கள். நளினி எழுந்து போய்ப் பத்து நிமிடம் இருக்கச் சொன்னாள்.

"விசாரிக்க வர்றவர் நிஜத்தைக் கண்டுபிடிக்காம போயிருந்தா உங்க வேலை போயிருக்குமே?" என்றேன்.

"அதனாலதான் சார் உங்க பேரை ஆபீஸ்ல ஒரு கிளார்க் மூலமா நானே சொல்ல வச்சேன். கெட்டிக்காரங்க வந்தா ரிஜிஸ்டரைப் பாத்தே முடிவு பண்ணிடுவாங்க. நீங்க ஆட்டுக்கே மூணு நாள் வீடு வீடா அலைஞ்சவரு. எப்படியும் ஒச்சம்மா வீட்டுக்குப் போயிடுவீங்கன்னு நம்பினேன்."

இது பாராட்டா என்று நான் நளினியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சார்" என்றாள் புஷ்பா. "எழுதினது நான்னு தெரிஞ்சா செட்டப்புன்னு சொல்லி விசாரணையவே தள்ளுபடி பண்ணிடுவாங்க. வேலை போனாப் போகட்டும். கட்டத்துல மறுபடி கோடு போட்டுடுவாங்க."

சரியாக மூன்று மணிக்குக் கூட்டம். நீள மேஜை, வார்டு வாரியாகக் கோப்புகள், தட்டு நிறைய சமோசா. புஷ்பா சுவரோரமாக நின்றாள். நான் அறிக்கையைப் படித்தேன். கப்பல் தேதி, கேன்சல் தேதி, ரிஜிஸ்டர் தேதி. நளினி ஒச்சம்மாவின் டைம்டேபிளைத் தூக்கிக் காட்டினாள். வாசலில் உட்கார்ந்திருந்த பழனிசாமியும் உள்ளே வந்து கும்பிட்டார்.

"ஆக ஆள் நிஜம்" என்றார் டாக்டர் வசந்தகுமாரி. "ஆனா வெளித் தீவு ஆளுங்க. நம்ம நகரத் திட்டத்துல எப்படி வருவாங்க?"

"மேடம், அவங்க ஊர்ல இருக்கறப்ப நல்லாத்தான் இருக்காங்க. விழறது நம்ம வார்டுலதான். நம்ம ஆம்புலன்ஸ்தான் தூக்குது" என்றேன்.

"அதோட கட்டம் ஒண்ணு காலியாக் கெடக்கு மேடம்" என்று நளினி படிவத்தைத் திருப்பி வைத்தாள். "விசாரணை அறிக்கை இருந்தா நிரப்பலாம்னு போட்டிருக்கு. அறிக்கை இதோ இருக்கு."

டாக்டர் படிவத்தைப் பார்த்தார். பழனிசாமியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். என் மனம் நிம்மதியானது. ஆனால் பேனா பாதியில் நின்றுவிட்டது.

"அறிக்கையில ஏழாவது பத்தி காலியா இருக்கே. புகார்தாரர் யார்? எண்ணிக்கை இவ்வளவு சரியாத் தெரிஞ்சிருக்கு. உள் ஆளாத்தான் இருக்கணும். யாரு?"

என் நாக்கு துடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படித் துடித்தது. பூட்டிய பீரோ, போன நெட், பத்தாம் தேதி, அறுபத்தொன்று. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம். கேட்பதற்கு மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர். நளினி என் காலை மிதிக்கக்கூட இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"கண்டுபிடிக்க முடியல மேடம்" என்றேன்.

"முயற்சியாவது பண்ணீங்களா?"

"ரொம்ப முயற்சி பண்ணேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு."

"ஒரு மொட்டைக் கடுதாசியை யார் எழுதினாங்கன்னு தெரியாதவர் எதுக்கு, மிஸ்டர், போர்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, ஏழாவது பத்தியில் 'தெரியவில்லை' என்று தானே எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

நான்கரை மணிக்குக் கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. படிக்கட்டில் நின்றுகொண்டு மூன்று பேரும் படித்தோம். எங்களைப் பற்றி இரண்டே வரிகள்தான்.

'விசாரணையாளரின் திறமை திருப்திகரமாக இல்லை. எனினும் அறிக்கை ஏற்கப்பட்டு, கப்பலுக்காகக் காத்திருக்கும் அனைவருக்கும், முகவரி கேட்காமல், இன்று முதல் மாத்திரை வழங்கப்படும்.'

முதல் வரியை நளினி சத்தமாகப் படித்தாள். இரண்டாவது வரியைப் படிக்க புஷ்பாவால் முடியவில்லை. நான்தான் படித்துக் காட்டினேன்.